பாவிக்காத கடனட்டையும் தீராத கொடுக்கல் வாங்கலும்

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் நம் பள்ளிகளில் ஓர் அறிவிப்பு செய்யப்படும். மரணித்தவரின் மகனோ சகோதரரோ முன்னால் வந்து, "வாப்பாவோடு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு" என்பார். சொல்பவரின் குரல் தழுதழுக்கும். கேட்பவர்கள் தலையைக் குனிந்திருப்பார்கள். மனிதனுக்கு மனிதன் உள்ள கடனைத் தீர்ப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் வேறெங்கும் காணவில்லை.

ஆனால் பள்ளிக்கு வங்கி வருவதில்லை.

கடந்த வருடம் என் பெரிய வாப்பாவின் மகன் மௌத்தானார். எங்கள் குடும்பத்தில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'நானா'தான். ஹாட்வெயார் கடை வைத்திருந்த மனிதர். அவருடைய மூத்த மகன் பள்ளியில் எழுந்து நின்று அந்த அறிவிப்பைச் செய்தார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு சீமெந்துக் காசு, இன்னொருவருக்கு டைல்ஸ் பதித்த கூலியில் மிச்சம். மூன்றாமவர் தான்தான் நானாவுக்குக் கொடுக்க வேண்டியவர் என்று சொல்லி 15,000 ரூபாவைக் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. மகனும் நிம்மதியாக இருந்தார்.

நான்கு மாதம் கழித்து, பழைய கடை இருந்த இடத்தை இப்போது வாடகைக்கு எடுத்திருப்பவர் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். தனியார் வங்கியொன்றின் அறவிடல் பிரிவிலிருந்து வந்த கடிதம். நானாவின் பெயரிலுள்ள கடனட்டைக் கணக்கில் 38 ஆயிரத்துச் சொச்சம் ரூபா நிலுவை, 14 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை என்றிருந்தது. மகன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் கணக்கு வழக்கில் காலம் கழித்தவன் என்பதால் இப்படியான கடதாசிகள் கடைசியில் என் வீட்டுக்குத்தான் வரும்.

"சாச்சா, வாப்பா ஒரு நாளும் வட்டிக்கு எடுத்தவரில்ல. இந்தக் கார்டை வெட்டி எறிஞ்சவர். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்ததே நான்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 2016 ஆம் ஆண்டில் கொழும்பில் ஒரு கடைத்தொகுதியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞர்கள் கொடுத்த அட்டை அது. முதல் வருடம் கட்டணம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தவணைக்கு எடுத்து, தவணை முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, இனி வேண்டாம் என்று அட்டையை இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார் நானா. வெட்டியது பிளாஸ்டிக்கை. கணக்கு அப்படியே உயிரோடு இருந்திருக்கிறது.

வங்கியிடம் கேட்டு வாங்கிய கூற்றுகளை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அந்தப் பட்டியலில் ஒரு ரூபாவுக்குப் பொருள் வாங்கிய பதிவு இல்லை. முதலில் வருடாந்தக் கட்டணம். அது கட்டப்படாததால் தாமதக் கட்டணம். இரண்டுக்கும் சேர்த்து வட்டி. பிறகு அடுத்த வருடத்தின் கட்டணம். வங்கி அழைத்திருக்கிறது, ஆனால் நானா எப்போதோ கைவிட்ட தொலைபேசி இலக்கத்துக்கு. கடிதமும் போட்டிருக்கிறது, ஆனால் நானா காலி செய்துவிட்ட கடைக்கு.

கடனட்டை வைத்திருப்பது கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டியில்லாத காலத்துக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் பரவாயில்லை என்போர் இருக்கிறார்கள். தாமதித்தால் வட்டி தருகிறேன் என்ற நிபந்தனைக்குக் கையொப்பமிடுவதே தவறு என்போரும் இருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் வட்டிக்குப் பயந்து அட்டையைப் பாவிக்காமல் விட்ட ஒருவர், பாவிக்காத அந்த அட்டைக்கே வட்டி கட்ட வேண்டிய நிலைக்கு வருவது எந்தத் தரப்பின் கணக்கிலும் சரியாகாது. நம்மவர்களில் இப்படி அட்டையை அலுமாரியில் போட்டு மறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த சில வருடங்களில் நாட்டில் நடந்தவையும் இதைப் பெரிதாக்கிவிட்டன. 2020 இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டிருந்தது. 2022 நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது நினைவிருக்கும். கடனட்டை வட்டியும் அந்த வருடத்தில் 30 சதவீதத்தைத் தாண்டிப் போனது. 2023 ஓகஸ்ட்டில்தான் 28 சதவீதம் என்ற வரம்பு மீண்டும் வந்தது. அட்டையைத் தினமும் பாவித்தவர்கள் இந்த ஏற்றத்தை உடனே உணர்ந்தார்கள். அலுமாரியில் அட்டையை வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. நானாவின் கணக்கில் ஏறிய வட்டியின் பெரும்பகுதி இந்தக் காலத்துக்குரியதுதான்.

இன்னொன்று, அதே 2022 இல் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றதாகப் பதிவாகியிருக்கிறது. கட்டாருக்கும் டுபாய்க்கும் போன நம் பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர். பயணத்துக்கு முன் ஓட்டோவை விற்றார்கள், மோட்டார் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்தார்கள், வீட்டு வாடகையை முடித்தார்கள். சம்பளக் கணக்கோடு சேர்த்து வங்கி கொடுத்த கடனட்டையை மட்டும் பணப்பையிலேயே கொண்டு போனார்கள். இங்கிருந்த சிம் சில மாதங்களில் செயலிழந்துவிட்டது. பாவிக்காத இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். அதன்பின் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகள் யாருடைய கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோசடிக்காரனுக்குப் பாவிக்காத அட்டையைவிட வசதியானது வேறில்லை. மாதாமாதம் கூற்றைப் பார்ப்பவர் 500 ரூபா கூடினாலும் வங்கிக்கு அழைப்பார். மறந்துபோன அட்டையில் என்ன நடக்கிறது என்று பார்க்க யாருமில்லை. அட்டையின் காலம் முடிந்தால் பல வங்கிகள் கேட்காமலே புதிய அட்டையைப் பழைய முகவரிக்கு அனுப்பிவிடுகின்றன. அந்த உறையைப் பிரிப்பவர் நல்ல மனிதராக இருந்தால் தப்பினோம். எத்தனையோ வருடங்களுக்கு முன்னர் ஏதோ ஓர் இணையத்தளத்தில் சேமித்துவிட்டு மறந்த அட்டை இலக்கமும் அப்படித்தான். அந்தத் தளத்தில் திருட்டு நடந்தால் நமக்கு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

அட்டையை மூடுகிறோம் என்ற பெயரிலேயே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பார்சல் தேங்கிக் கிடக்கிறது, சிறு தொகை கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பி அட்டை விபரங்களைக் கறந்ததை எல்லோரும் கண்டோம். அதே கையால், "உங்கள் பழைய அட்டைக்குக் கட்டணம் விழப் போகிறது, இப்போதே இரத்துச் செய்து தருகிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஓர் அழைப்பு எடுப்பது பெரிய வேலையா? இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அட்டையை மூட நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். அழைப்பதானால் நீங்கள் வங்கியை அழையுங்கள், அதுவும் அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு. கணக்கை மூட ஓடிபியை வாயால் சொல்லுமாறு எந்த வங்கியும் கேட்காது.

இனி கிரிப் விடயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியர், புதிதாகக் கல்யாணம் முடித்தவர், வீடு கட்ட இஸ்லாமிய வங்கிப் பிரிவொன்றில் விண்ணப்பித்தார். காணி உறுதி, சம்பளச் சான்றிதழ் எல்லாம் சரி. விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம், மாணவப் பருவம் முடிந்த கையோடு எடுத்து ஒரு வருடம் பாவித்துக் கைவிட்ட அட்டையொன்றில் சில ஆயிரம் ரூபா நிலுவை. வட்டியில்லாத வங்கியில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளும் கிரிப் அறிக்கையைப் பார்த்த பிறகுதான் வசதி கொடுக்கின்றன.

"பேர் கிரிப்பில் விழுந்திட்டு" என்று ஊரில் சொல்வார்கள். ஏதோ கறுப்புப் பட்டியல் இருப்பது போன்ற பேச்சு அது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகம்தான் இந்த கிரிப். அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. யார் எங்கே எவ்வளவு வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று வங்கிகள் கொடுக்கும் தகவலைத் திரட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கடன் கொடுப்பதா இல்லையா என்பது அறிக்கையைப் பார்க்கும் வங்கியின் முடிவு. அறிக்கையில் பிழை இருந்தாலும் கிரிப் தானாகத் திருத்தாது, தகவல் கொடுத்த வங்கிதான் திருத்த வேண்டும். தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு ஊரில் விசாரிக்கிறோம், நம்மைப் பற்றி வங்கிகள் என்ன எழுதி வைத்திருக்கின்றன என்று ஒரு தடவையாவது பார்ப்பதில்லை.

நிலுவை இல்லாவிட்டாலும் அட்டையின் கடன் எல்லை அந்த அறிக்கையில் இருக்கும். 3 இலட்சம் எல்லையுள்ள அட்டை ஒன்று திறந்திருந்தால், நாளை காலையிலேயே 3 இலட்சம் கடனாளியாகக்கூடியவர் என்று வங்கி யோசிக்கலாம். கடன் பிரிவில் வேலை செய்த நண்பர் ஒருவர், பாவிக்காத அட்டைகளை மூடிவிட்டு வரும்படி விண்ணப்பதாரர்களிடம் தானே சொல்லியிருப்பதாக என்னிடம் கூறினார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு, "பழைய அட்டையை மூடினால் ஸ்கோர் இறங்கிவிடும், மூடாதீர்கள்" என்று ஆலோசனை சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே ஃபைகோ என்ற மதிப்பெண் முறையில் கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீத நிறை உண்டு. எல்லையில் எவ்வளவு பாவித்திருக்கிறோம் என்பதும் முக்கியம். அதனால் கட்டணமில்லாத பழைய அட்டையைத் திறந்து வைத்து, இடைக்கிடை சிறு தொகைக்குப் பாவிப்பது அங்கே புத்திசாலித்தனமாக இருக்கலாம். நியூயோர்க்கில் வீட்டுக் கடன் எடுக்கப் போகிறவர் அதைக் கேட்கட்டும். வருடாந்தக் கட்டணம் விழும் அட்டையை அலுமாரியில் வைத்துக்கொண்டு காத்தான்குடியில் இருப்பவருக்கு அந்த ஆலோசனை பொருந்தாது.

அப்படியானால் எப்படி மூடுவது? நானாவின் விடயத்துக்குப் பிறகு என் மேசை லாச்சியைத் தேடினேன். எனக்கும் இரண்டு அட்டைகள் கிடைத்தன! ஊருக்குக் கணக்குப் பார்ப்பவனின் லட்சணம் இது.

முதல் வங்கிக்கு அழைத்தேன். மூட வேண்டும் என்றதும் வேறொருவருக்கு மாற்றினார்கள். அவர் மிக அன்பாகப் பேசினார். "சேர், இந்த வருடக் கட்டணத்தை நாங்கள் நீக்கித் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும்" என்றார். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த வருடக் கட்டணம்தான் நீங்குகிறது, அடுத்த வருடம் யார் ஞாபகம் வைத்திருப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன், இன்றைய தேதியில் மூடுவதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்? கூற்றில் பூச்சியம் என்றிருந்தாலும் இதைக் கேட்கத்தான் வேண்டும். கூற்று வந்த பிறகு விழுந்த கட்டணமோ, கடைசித் தொகையைக் கட்டும் நாள் வரைக்குமான வட்டியோ சில நூறு ரூபா எங்கேயாவது ஒளிந்திருக்கும். அந்தச் சில நூறுதான் பிறகு ஆயிரமாகும். எனக்கு 212 ரூபா இருந்தது. கட்டினேன்.

கட்டுவதற்கு முன் அந்த அட்டையிலிருந்து தானாக வெட்டுப்படும் கொடுப்பனவுகள் ஏதும் உண்டா என்று பார்த்தேன். தொலைபேசிப் பட்டியல், தகாபுல் தவணை, பிள்ளைகள் எப்போதோ போட்ட ஏதாவது சந்தா, இவை இருந்தால் முதலில் வேறு வழிக்கு மாற்ற வேண்டும். மனைவியின் பெயரில் எடுத்திருந்த மேலதிக அட்டையையும் சேர்த்தே மூடச் சொன்னேன். பிரதான கணக்கு மூடப்பட்டால் அதுவும் இயங்காது என்றார்கள். இருந்தாலும் கடிதத்தில் இரண்டையும் குறிப்பிட்டேன்.

ஆம், கடிதம். தொலைபேசியில் சொன்னது மட்டும் போதாது. பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், கணக்கை மூடும்படியான வேண்டுகோள், நிலுவை எதுவும் இல்லை என்று எழுத்தில் தரும்படியான வேண்டுகோள். ஒரு பக்கம்கூட வராது. கிளையில் நேரில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். தூரத்தில் இருப்பவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கியில் பதிந்துள்ள மின்னஞ்சலிலிருந்து அனுப்பலாம், அந்த மின்னஞ்சல் இன்னும் தங்கள் கையில் இருக்குமானால். மூன்று கிழமையில் நிலுவையில்லை என்ற கடிதம் வந்தது. அதன் பிறகுதான் அட்டையை வெட்டினேன், சிப் இரண்டாகும்படி. நானா முதலில் செய்ததை நான் கடைசியில் செய்தேன்.

மரணித்தவரின் அட்டை என்றால் வேறு வழி. மரணச் சான்றிதழின் பிரதியோடு வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, அந்தத் திகதியிலிருந்து கட்டணங்களை நிறுத்தும்படி கேட்க வேண்டும். நிலுவைக்குக் காப்புறுதி ஏதும் இருந்ததா என்றும் கேட்பது நல்லது, சில அட்டைகளில் அது உண்டு. மேலதிக அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக அதன் பிறகு அதைப் பாவிக்கக் கூடாது. பிணை நின்றிருந்தால் ஒழிய, பிள்ளை தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கடன் மரணித்தவர் விட்டுச் சென்றதன் மீதுதான். நமக்கும் அது புதிதல்ல, கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதுதானே வாரிசுகளுக்கு. வஸிய்யத்தை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், எந்த வங்கியில் என்ன கணக்கு, என்ன அட்டை என்று ஒரு வரியையும் அதோடு சேர்த்து எழுதலாம். இரகசிய இலக்கங்களை எழுத வேண்டியதில்லை.

நானாவின் மகன் அப்படித்தான் எழுதினார். வங்கி தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் நீக்கியது, வருடாந்தக் கட்டணங்களை மட்டும் கேட்டது. அவர் கட்டிவிட்டார். வங்கியின் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள் என்பதும் உண்மை. என் கேள்வி மத்திய வங்கியிடம்தான்.

நம் பணம் வங்கியில் தூங்கினால் அதற்கு விதி இருக்கிறது. 10 வருடம் அசையாமல் கிடக்கும் வைப்புகளைக் கைவிடப்பட்ட சொத்தாக அடையாளம் கண்டு மத்திய வங்கிக்கு மாற்ற வேண்டும், உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அட்டை தூங்கினால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 இல் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் பாவிக்கப்படாத கடனட்டை என்றால் வங்கி வாடிக்கையாளருக்கு அறிவித்து, 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கணக்கை மூட வேண்டும், நிலுவை இல்லாதிருந்தால். வாடிக்கையாளரே மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 இந்திய ரூபா வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். அங்குள்ள வங்கிகள் இதனால் நொடிந்துபோகவில்லை.

நமது மத்திய வங்கியும் 2023 இல் நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. முறைப்பாடுகளைக் கேட்க நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கமும் இருக்கிறது. முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, அது தீர்க்காதபோது அங்கே போகலாம். அந்த ஏற்பாட்டோடு, இந்தியாவில் உள்ளது போன்று நாள் கணக்குச் சொல்லும் விதியொன்றையும் இங்கே கொண்டுவரும்படி கேட்பதில் என்ன தவறு? கடைத்தொகுதியில் மேசை போட்டு அரை மணித்தியாலத்தில் அட்டைக்குக் கையொப்பம் வாங்க முடிகிறது. நோன்பு காலத்தில் எந்தக் கடையில் எவ்வளவு கழிவு என்று நம் தொலைபேசியைத் தேடி வந்து சொல்ல முடிகிறது. "ஒரு வருடமாக நீங்கள் பாவிக்கவில்லை, மூடவா?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது அதைவிடக் கஷ்டமான வேலையல்ல. பாராளுமன்றத்தில் இருக்கும் நமது பிரதிநிதிகள் யாராவது இதை நிதிக் குழுவில் எழுப்பினால், அது எந்தச் சமூகத்துக்கும் எதிரான கோரிக்கையாக இருக்காது, எல்லா மக்களின் பணப்பையிலும் இந்த அட்டை இருக்கிறது.

எனது இரண்டாவது அட்டைக்கான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இது ஐந்தாவது கிழமை, பதில் இல்லை. பற்றுச்சீட்டை வைத்திருக்கிறேன். முறைப்பாட்டுக் கடிதத்தை நேற்றிரவு எழுதி முடித்தேன், திங்கட்கிழமை அந்த வங்கியின் கிளைக்குப் போகிறேன்.